யாரும் கேட்டு வராத கட்டில்

போன மாதம் ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் நேரத்தில் செல்போன் அடித்தது. திண்டிவனத்தில் நான் கடைசியாக வேலை பார்த்த மகளிர் காவல் நிலையத்தில் இப்போது ரைட்டராக இருக்கும் ஜெயந்தி பேசினாள். நிலையத்தை வேறு கட்டடத்துக்கு மாற்றப் போகிறார்களாம்.

“அக்கா, பின்பக்கம் புங்கமரத்தடியில ஒரு கட்டிலு, கண்ணாடி வெச்ச மேஜ ஒண்ணு கிடக்குதுக்கா. பழைய சாமான் வாங்கறவர கூப்ட்டுக் காட்டனேன். யார் வூட்டு சாமான்னு கேட்டாரு. சொன்னேன். அப்படியே கைய ஒதறிக்கினு போய்ட்டாரு. நீங்க இருந்தப்ப இதயெல்லாம் எப்படிக்கா அனுப்பனீங்க?”

“சொல்றேன்” என்றேன். ஆனால் போனில் சொல்லி முடிகிற கதையாக அது இல்லை. வைத்துவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை, தூக்கத்தைப் போன்ற வேறு ஏதோ வந்தது. கண்ணை மூடினால் அந்தப் பின்பக்கத்து வெளிச்சம், இலை வழியாக இறங்கும் பச்சை வெளிச்சம், இமைக்குள் ஆடிக்கொண்டிருந்தது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

எனக்குச் சொந்த ஊர் கண்டாச்சிபுரம் பக்கம். வீட்டில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் கேப்பையும் போடுவார்கள். போலீசில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடிப் பார்த்தேன், எடுத்துக்கொண்டார்கள். பயிற்சியில் நடை, ஓட்டம், சட்டம், துப்பாக்கி எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். துப்பாக்கியைக் கழற்றி மாட்டினேன். கட்டிலைக் கழற்றி மாட்ட வேண்டியிருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. முதலில் விழுப்புரத்தில் பந்தோபஸ்து, கோர்ட்டு வேலை என்று ஓடியது. பிறகு திண்டிவனத்துக்கு மாற்றல். அங்கேயே தலை நரைத்தது.

மகளிர் நிலையத்துக்கு வருகிற புகாரில் பாதி குடும்பப் புகார். பேசிப் பார்ப்போம். சேர்ந்து போகிறவர்கள் உண்டு. இனிச் சேர்ந்து வாழ முடியாது என்று இரண்டு பக்கமும் முடிவு செய்தால், பெண் கொண்டுவந்த சீர் சாமானைத் திருப்பி எடுப்பது என்று ஒரு நாள் வரும். கட்டில், பீரோ, மெத்தை, கிரைண்டர், குத்துவிளக்கு, கரண்டி வரைக்கும். அங்கே அடிதடி ஆகிவிடாமல் பார்த்துக்கொள்ள நாங்கள் கூடப் போவோம்.

இந்த வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று நான் கற்றுக்கொண்டது இன்ஸ்பெக்டர் மரகதம் அம்மாவிடம். ஒல்லியான உருவம். சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. யாராவது அவர் எதிரில் கத்தினால், கத்தி முடிக்கிற வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு, “இப்ப சொல்லுங்க” என்பார், அதுவரை எதுவும் சொல்லாததுபோல. எதிராளி இரண்டாம் முறை சொல்லும்போது பாதிச் சத்தம் குறைந்திருக்கும்.

சாமான் எடுக்கப் போகும்போது அவருக்கென்று சில வழக்கங்கள் இருந்தன. வேனைத் தெருமுனையில் நிறுத்தச் சொல்வார். வாசலில் நிறுத்தினால் ஊரே கூடிவிடும். வீட்டுக்குள் முதலில் அந்தப் பெண்தான் நுழைய வேண்டும், அவள் பின்னால்தான் நாங்கள். எந்தச் சாமானையும் அவள் தொட்டுக் காட்டிய பிறகே ஆட்கள் தூக்க வேண்டும். “கையில இருக்கற லிஸ்ட்டப் பாத்துப் படிச்சா அது ஜப்தி. அந்தப் பொண்ணு தொட்டாத்தான் அது அவ சாமான்” என்பார். மாமியார் இருந்தால் முதலில் அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்கச் சொல்வார். அடுப்பும் சீரில் வந்ததாக இருந்து, அதில் ஏதாவது கொதித்துக்கொண்டிருந்தால், அது வெந்து இறங்குகிற வரைக்கும் எல்லோரும் காத்திருக்க வேண்டும்.

எல்லாச் சாமானும் பெண் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடுவதில்லை. சிலர் வழியிலேயே, “நிலையத்துல வெச்சிருங்க மேடம், அப்பறம் வந்து எடுத்துக்கறோம்” என்பார்கள். அந்த அப்புறம் வராது. அப்படித்தான் எங்கள் பின்பக்கம் ஒரு வீடு மாதிரி ஆனது, சுவர் மட்டும் இல்லாத வீடு. புங்கமரத்தடியில் கட்டில்கள், பக்கத்தில் பீரோ, எதிரே நிலைக்கண்ணாடி வைத்த மேஜை. பங்குனியில் மரம் பூக்கொட்டும். மெத்தையில்லாத கட்டில் பலகைமேல் பூ மெத்தையாகக் கிடக்கும். கண்ணாடிக்குள் ஒரு வானமும் ஒரு மரமும் இருக்கும். மைனா ஒன்று தினமும் வந்து அந்த மரத்தில் உட்காரப் பார்த்து மூக்கை இடித்துக்கொள்ளும். விசாரணைக்கு வரும் பெண்கள் பெஞ்சில் இடம் இல்லாமல் அங்கே போய் உட்காருவார்கள். குழந்தையைக் கட்டிலில் படுக்கவைத்துத் தட்டுவார்கள். காக்கிச் சட்டையோடு நான் அந்தப் பக்கம் போனால், யாரோ ஒருவர் வீட்டுக்குள் கேட்காமல் நுழைந்துவிட்டதுபோல் கூச்சமாக இருக்கும்.

அங்கே வந்த சாமான்களில் என்னால் மறக்க முடியாதது கோமதியின் கட்டில்.

கோமதிக்குத் திருவக்கரை பக்கம் ஒரு கிராமம். அப்பா ஏழுமலை, சொந்த நிலத்தில் பயிர் வைக்கிறவர். மகளைத் திண்டிவனத்தில் கொடுத்தார். மாப்பிள்ளைக்குச் சென்னையில் வேலை. கல்யாணமான கொஞ்ச நாளிலேயே அவனுக்கு அங்கே வேறொரு குடும்பம் இருப்பது தெரிந்துவிட்டது. கோமதி அழவில்லை, கத்தவில்லை. நிலையத்துக்கு வந்து, “நா அந்த வூட்டுக்குப் போவல மேடம்” என்று மட்டும் சொன்னாள். பேச்சுவார்த்தை, கோர்ட்டு எல்லாம் முடிந்து சாமான் எடுக்கிற நாள் வந்தது.

மாப்பிள்ளை இல்லை. மாமியார் சரோஜா அம்மா மட்டும் இருந்தார். கனத்த உடம்பு, ஒரு கையைச் சுவரில் ஊன்றித்தான் நடந்தார். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. “எறங்கட்டும்” என்றார் மரகதம் அம்மா. நாங்கள் எல்லோரும் புளிக்குழம்பு வாசனையில் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். ஏழுமலைக்கு மட்டும் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தார்.

குழம்பு இறங்கியது. கோமதி எழுந்து அடுப்பைத் தொட்டாள். பிறகு பீரோ, பாத்திரம், குத்துவிளக்கு. உள் அறைக்குள் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். கட்டில்மேல் ஒரு பழைய போர்வை விரித்திருந்தது. தலையணை, அதன் ஓரத்தில் தைலப் புட்டி.

சரோஜா அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டே வந்தார். “முட்டி வலிம்மா. கீழ படுத்தா எழுந்துக்க முடியல. சும்மாதான கிடக்குதுன்னு படுத்துக்கினேன். தப்பா எடுத்துக்காதீங்க” என்று சொல்லிவிட்டு, போர்வையையும் தலையணையையும் தானே சுருட்டி எடுத்தார். தைலப் புட்டியை மறந்துவிட்டார். கோமதிதான் அதை எடுத்து ஜன்னலில் வைத்தாள். அதற்குப் பிறகு கட்டிலைத் தொட்டாள்.

“எங்க காசுல செஞ்ச கட்டில்ல யார் படுத்துக்கினு இருக்காங்க பாருங்க மேடம்!” என்றார் ஏழுமலை. மரகதம் அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அது வேங்கை மரத்தில் ஆசாரியை வைத்துச் செய்வித்த கட்டில். திருகாணியே கிடையாது, எல்லாம் மர ஆப்பு. ஏழுமலைதான் ஒவ்வொரு ஆப்பையும் தட்டித் தட்டி எடுத்தார். யாரையும் தொட விடவில்லை. ஒரு கரண்டி குறைந்ததற்குக்கூட நின்று கேட்டு வாங்கினார்.

வழக்கத்துக்கு மாறாக அன்று, “நீ ஊர் வரைக்கும் கூடப் போய்ட்டு வா” என்று மரகதம் அம்மா என்னிடம் சொன்னார். ஏன் என்று கேட்கவில்லை. வேனில் முன்னால் நானும் கோமதியும் உட்கார்ந்தோம். ஏழுமலை பின்னால் கட்டிலைப் பிடித்துக்கொண்டு வந்தார். மயிலம் தாண்டியதும் செம்மண் தொடங்கியது. வெயிலில் மண்ணும் வானமும் ஒரே நிறமாகத் தெரிந்தன.

வீட்டு வாசலில் வேன் நின்றதும் கோமதியின் அம்மா ஓடிவந்து கணவரின் காதில் ஏதோ சொன்னார். இளைய மகளைப் பெண் பார்க்க வருவதாக அன்றுதான் சேதி வந்திருக்கிறது. ஏழுமலை வண்டியிலிருந்து இறங்கியவர், தூக்க வந்த ஆட்களைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

“பாத்திரத்த மட்டும் எறக்கு. கட்டிலும் பீரோவும் எறக்காத.”

“ஏங்க?” என்றேன்.

“ஒறவ அத்துக்கினு வந்த சாமான் வூட்ல நிக்குதுன்னு தெரிஞ்சா சின்னவள யார் மேடம் கட்டுவாங்க? ஸ்டேஷன்லயே இருக்கட்டும். யாருக்காவது வித்துடலாம்.”

“அப்ப எதுக்கு அவ்ளோ சண்ட போட்டு எடுத்தீங்க?”

அவர் கட்டில் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “அவங்க வூட்ல இருக்கக் கூடாதுன்னுதான் மேடம்.”

கோமதி அந்த நேரம் முழுக்கத் தெருவிலேயே நின்றிருந்தாள். சாமான் உள்ளே போகும் என்று நினைத்து ஒதுங்கி நின்றவள், போகவில்லை என்றதும் தானும் போக வேண்டுமா வேண்டாமா என்று தெரியாததுபோல் என் முகத்தைப் பார்த்தாள். “நீ போம்மா” என்றேன். போனாள். கட்டிலோடும் பீரோவோடும் நான் திரும்பி வந்தேன்.

விற்கப் பார்த்தோம். பழைய மரச்சாமான் கடைக்காரர் வந்து கட்டிலைத் தடவிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். “மரம் தங்கம் மேடம். ஆனா கடைக்கு வர்றவங்க மொதல்ல கேக்கறதே யார் வூட்டுதுன்னுதான். எனக்கு எதுக்கு இந்த பேஜாரு?” எடைக்கு உடைத்து எடுத்துக்கொள்கிறேன் என்று இன்னொருவர் சொன்னார். மரகதம் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. “அந்தப் பொண்ணோடது. ஒடைக்கறதுன்னாலும் அவதான் சொல்லணும்.”

எங்கள் நிலையத்தைக் கூட்டிப் பெருக்க வருகிற செல்வி, வேலை முடிந்தால் கழனி வேலைக்கும் போகிறவள். அவள் வீட்டில் கட்டில் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஒரு நாள், “ஒரு கட்டில நீ எடுத்துக்கினு போயேன்” என்றேன். துடைப்பத்தைத் தரையில் தட்டிக்கொண்டே சிரித்தாள். “உங்க வூட்டுக்கு ஆவாததுன்னா எங்க வூட்டுக்கு மட்டும் ஆவுமாம்மா?”

உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த மரகதம் அம்மா வெளியே வந்தார். “செல்வி கேக்கறது சரிதான்” என்றார். அதன் பிறகு ஒரு வழக்கம் வைத்தார். எந்தச் சாமானையும் அதன் சொந்தக்காரப் பெண்ணைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. கொடுக்கும் இடத்தில், இது இப்படிப்பட்ட வீட்டுச் சாமான் என்று முழுக்கச் சொல்ல வேண்டும். இரக்கப்பட்டுக் கொடுப்பதாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. வேண்டாம் என்றால் வற்புறுத்தக் கூடாது. இப்படிச் சொல்லிச் சொல்லியே ஒவ்வொன்றாகப் போயின. கிரைண்டர் ஒன்று திருவிழாவுக்குச் சமைக்கிற ஒரு சர்ச்சுக்குப் போனது. ஒரு பீரோவை அங்கன்வாடி டீச்சர் பொம்மை வைக்கக் கேட்டு வாங்கினார். “புள்ளைங்க இருக்கற எடத்துல எந்தத் தோஷம் நிக்கும்?” என்றார். முதியோர் இல்லத்துக்கு இரண்டு கட்டில் போனது. அங்கே ஒரு பெரியவர், “நாங்க எல்லாருமே அப்படித்தான வந்தோம்” என்று சொல்லிவிட்டு அதில் ஏறிப் படுத்துக்கொண்டார்.

கோமதியின் கட்டிலை மட்டும் என்ன செய்வதென்று அவளே சொல்லவில்லை. கேட்டால், “தெரில மேடம்” என்பாள். திண்டிவனத்தில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். ஊரிலிருந்து பஸ்ஸில் வந்து போவாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் டப்பாவை எடுத்துக்கொண்டு எங்கள் பின்பக்கம் வந்துவிடுவாள். விற்கக் காட்டுவதற்காக ஏழுமலை வந்து மாட்டிவைத்த கட்டிலில் காலை மடக்கி உட்கார்ந்து சாப்பிடுவாள். சாப்பிட்டு முடித்துக் கொஞ்ச நேரம் மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாளும் படுக்க மாட்டாள்.

“வூட்ல தூங்கறியா?” என்று ஒரு நாள் கேட்டேன்.

“எங்கக்கா தூங்கறது? படுத்தா வூடே மெதுவா பேசுது. நா இருக்கறனாலதான் மெதுவா பேசறாங்கன்னு தெரியுது. அப்பறம் எப்படித் தூக்கம் வரும்?”

மேடத்திலிருந்து அக்காவுக்கு எப்போது மாறினாள் என்று நான் கவனிக்கவில்லை.

ஐப்பசி மேகம் கட்டத் தொடங்கியது. கோமதி ஒரு பழைய புடவையைக் கொண்டுவந்து கட்டிலுக்குப் போர்த்தினாள். முதல் மழைக்குப் பிறகு வந்து புடவையைத் தூக்கிப் பார்த்தவள், ஒரு காலின் அடியில் கரையான் ஏறியிருப்பதைக் கண்டு விரலால் சுரண்டிக்கொண்டே சொன்னாள்:

“அந்த வூட்டம்மாவ பஸ்டாண்டுல பாத்தேன்க்கா. படியில ஏற முடியாம நின்னுக்கினு இருந்துச்சு. என்னப் பாத்ததும் மூஞ்சத் திருப்பிக்கிச்சு. நானும் திருப்பிக்கினேன்.”

புடவையை மறுபடி கட்டில்மேல் இழுத்துப் போர்த்தினாள்.

“இத அங்கியே கொண்டும்போய் போட்றலாமாக்கா?”

மரகதம் அம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் அவளை உட்காரவைத்து, “மன்னிச்சிட்டியா?” என்று கேட்டார்.

“இல்ல மேடம். அந்தம்மாவுக்குத் தன் புள்ள சங்கதி முன்னாடியே தெரியும். தெரிஞ்சேதான் என்னக் கட்டிவெச்சாங்க. அது மனசவுட்டுப் போவல. ஆனா கட்டிலு நல்ல கட்டிலு. கரையான் தின்னுது. ஒலகத்துலயே அத வேணும்னு நெனச்சி படுத்தது அந்தம்மா ஒண்ணுதான்.”

“ஒரு வாரம் போவட்டும். அப்பவும் இதையே சொன்னா வண்டி பேசலாம்.”

ஒரு வாரம் கழித்து அவள் அதையே சொன்னாள். ஏழுமலையைக் கூப்பிட்டு விட்டோம். விஷயத்தைக் கேட்டதும் நிலையமே அதிர்ந்தது. “வெயில்ல குனிஞ்சி குனிஞ்சி மல்லாட்ட புடுங்கிச் செஞ்சது மேடம்! அந்த வூட்டுக்கா? இதுக்குக் கொளுத்திப் போட்றலாமே!”

கோமதி மெதுவாகத்தான் சொன்னாள். “நம்ம வூட்ல எறக்காதன்னு சொன்னது நீதானப்பா.”

மகள் அந்த வார்த்தையை அத்தனை நாளும் வைத்துக்கொண்டிருந்தாள் என்று அவருக்குத் தெரியாது. திரும்பி மரத்தடிக்குப் போய்விட்டார். வெகுநேரம் கழித்து நான் போய்ப் பார்த்தபோது, கரையான் மண்ணைத் துண்டால் தட்டிக்கொண்டிருந்தார்.

“மாட்டத் தெரியுமா அவங்களுக்கு?” என்றார் என்னைப் பார்க்காமல். “ஆப்ப மாத்தி அடிச்சா பொளந்துக்கும். நானே வந்து மாட்டிட்டுப் போறேன்.”

மழை விட்டிருந்த ஒரு மத்தியானம் போனோம். மரகதம் அம்மா, நான், கோமதி, ஏழுமலை. வாசல் ஈரமாக இருந்தது. சரோஜா அம்மா எங்களைப் பார்த்ததும், இன்னும் எதையோ எடுக்க வந்துவிட்டார்கள் என்று பயந்துபோனார். வேனில் இருந்து கட்டில் கால் இறங்குவதைப் பார்த்தும் அவருக்குப் புரியவில்லை.

“எனக்கெதுக்கும்மா? நீ வெச்சிக்க” என்றார் புரிந்த பிறகு.

“மரம் கெட்டுப்போவுது. வெச்சிக்கங்க” என்றாள் கோமதி. அவ்வளவுதான் அவர்கள் இருவரும் பேசிக்கொண்டது.

ஏழுமலை அதே அறையில் அதே இடத்தில் கட்டிலை மாட்டினார். ஒவ்வொரு ஆப்பாகத் தட்டினார். நான்கு மூலையிலும் கையை ஊன்றி அழுத்திப் பார்த்தார். “ஒக்காந்து பாரு, ஆடுதான்னு” என்றார் மகளிடம்.

கோமதி உட்கார்ந்தாள். ஆடவில்லை. ஒரு பக்கம் சாய்ந்து பார்த்தாள். பிறகு கையைத் தலைக்கு வைத்து, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். சோதித்துப் பார்க்கிறாள் என்று நினைத்தோம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் மூச்சு நீளமாகிவிட்டது.

தூங்கிவிட்டாள்.

ஏழுமலை எழுப்பக் கையை நீட்டினார். மரகதம் அம்மா அந்தக் கையை மெல்லத் தொட்டு இறக்கினார். சரோஜா அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு போய் மின்விசிறியைக் குறைவாகப் போட்டார். நாங்கள் நால்வரும் சத்தமில்லாமல் வெளியே வந்தோம். போலீஸ் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு நான் வாசற்படியில் உட்கார்ந்தேன். ஓட்டிலிருந்து மீதி மழை சொட்டிக்கொண்டிருந்தது. சரோஜா அம்மா கொண்டுவந்து கொடுத்த தண்ணீரை ஏழுமலை வாங்கினார். குடிக்கவுமில்லை, கீழே வைக்கவுமில்லை. வேன் டிரைவர் ஹாரன் அடிக்கப் போனபோது அந்த இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையைத் தூக்கினார்கள். அந்த மத்தியானம் எவ்வளவு நேரம் நீண்டது என்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. வேலையில் இருக்கிறோம் என்பதே மறந்துபோயிருந்தது.

பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் கத்திக்கொண்டு போன சத்தத்தில் கோமதி எழுந்து வந்தாள். கன்னத்தில் கட்டில் பலகையின் கோடு பதிந்திருந்தது. எங்கே இருக்கிறோம் என்று ஒரு நிமிடம் தேடினாள். தெரிந்ததும் வெட்கப்படவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “போலாம்க்கா” என்றாள். தெருமுனை வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தத் தை மாதம் அவள் தங்கைக்குக் கல்யாணம் நடந்தது. கோமதி விழுப்புரத்தில் ஒரு பெரிய கடைக்கு மாறி, கூட வேலை செய்யும் இரண்டு பெண்களோடு வீடு எடுத்துத் தங்கினாள். பீரோவை அங்கே எடுத்துப்போனாள். ஏழுமலை அதற்கு நீல வண்ணம் அடித்துக் கொடுத்ததாகச் சொன்னாள். மரகதம் அம்மா மாற்றலாகிப் போனார். நானும் ஓய்வு பெற்று விழுப்புரத்துக்கே வந்து சேர்ந்தேன்.

ஜெயந்திக்கு இதையெல்லாம் சொல்லி, மீதியிருக்கிற சாமானுக்குச் சொந்தக்காரப் பெண்களைத் தேடிக் கண்டுபிடித்துக் கேள் என்றேன். “அவங்க எதுவும் சொல்லலன்னா?” என்றாள். “சொல்ற வரைக்கும் மழ படாம வை” என்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை திருவாமாத்தூர் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் கோமதி வீட்டுக்குப் போனேன். கூட இருந்த பெண்கள் கல்யாணமாகிப் போய்விட்டார்களாம்; இப்போது தனியாகத்தான் இருக்கிறாள். சின்ன வீடு, சிவப்புத் தரை. நீல பீரோ மட்டும் சுவரோரம் நின்றது. ஜன்னலுக்குக் கீழே பாய் சுருட்டி வைத்திருந்தது.

“ஒரு கட்டில் வாங்கிக்கலாம்ல?” என்று கேட்டேன்.

டீ ஆற்றிக்கொண்டிருந்தவள் தரையை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். சுவரிலிருந்து சுவர் வரைக்கும் தடையில்லாமல் வெயில் விழுந்து கிடந்தது.

“வேணாம்க்கா” என்றாள். “பெருக்கறதுக்கு ஈசியா இருக்குது.”